மார்பகக் கட்டிக்கு எலாஸ்டோகிராஃபி: ப்ரோப் வைப்பதிலிருந்து ரிப்போர்ட் வரை

கட்டியை விரலால் தொட்டால் கல் போல இருக்கிறதா, ரப்பர் போல நழுவுகிறதா என்று பார்க்கிறோம். எலாஸ்டோகிராஃபி அதையே நிறமாகவும் எண்ணாகவும் காட்டுகிறது. புற்றுக்கட்டி பெரும்பாலும் இறுகியிருக்கும்; சாதாரணக் கட்டி பெரும்பாலும் நெகிழும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டு "பெரும்பாலும்"களைப் பற்றியதுதான்.

மார்பக அல்ட்ராசவுண்ட் ஓரளவு கைவந்தவர்களுக்காக, எலாஸ்டோகிராஃபி பட்டனை இப்போதுதான் தொடத் தொடங்கியிருக்கும் சோனாலஜிஸ்டுகளுக்கும் ரேடியாலஜி மாணவர்களுக்கும் இதை எழுதுகிறோம்.

1. முதலில் பி-மோடு, அதிலேயே பை-ராட்ஸ்

எலாஸ்டோகிராஃபியை ஆன் செய்யும் முன் சாதாரண கறுப்பு-வெள்ளைப் படத்தில் கட்டியை முழுதாகப் பார்த்து, அளந்து, பை-ராட்ஸ் எண்ணை (புற்றுச் சந்தேகம் எவ்வளவு என்று தரம் பிரிக்கும் எண்) தாளில் எழுதிவிடுங்கள். வடிவம், விளிம்பு, கிடக்கும் திசை, பின்னால் விழும் நிழல், டாப்ளரில் ரத்த ஓட்டம் எல்லாம் இதற்குள் முடிந்திருக்க வேண்டும்.

காரணம் உண்டு. நிறத்தைப் பார்த்தபின் பி-மோடுக்குத் திரும்பினால், கண் நிறம் சொன்னதையே தேடும். முழுக்க நீலமாக, நெகிழ்வாக ஒரு கட்டியைப் பார்த்துவிட்டால் அதன் ஓரத்தில் இருக்கும் சின்ன முள் போன்ற நீட்சி கண்ணில் படாது. 2013ல் வந்த பை-ராட்ஸ் ஐந்தாம் பதிப்பு நெகிழ்வு, இடைநிலை, இறுக்கம் என்ற மூன்று சொற்களைத் துணை அம்சங்களில்தான் சேர்த்திருக்கிறது. வடிவமும் விளிம்பும் சந்தேகம் எழுப்பினால், நெகிழ்வு அந்தச் சந்தேகத்தைத் தீர்க்காது.

2. உங்கள் மெஷினில் இருப்பது எந்த வகை?

இரண்டு வகை இருக்கின்றன. ஸ்ட்ரெய்ன் வகையில் திசு லேசாக அசையும்போது எது அதிகம் நசுங்குகிறது, எது குறைவாக நசுங்குகிறது என்று மெஷின் ஒப்பிடுகிறது. இதில் கிலோபாஸ்கல் (இறுக்கத்தை அளக்கும் அலகு) எண் வராது. பக்கத்துத் திசுவோடு ஒப்பீடு மட்டுமே கிடைக்கும். ஷியர் வேவ் வகையில் ப்ரோப் தானே ஒரு தள்ளு துடிப்பை அனுப்பி, அதனால் பக்கவாட்டில் ஓடும் அலையின் வேகத்தை அளக்கிறது. இறுகிய திசுவில் அலை வேகமாக ஓடும். எண் கிடைப்பது இதில்தான்.

நிறப் பட்டையைப் பார்க்காமல் படத்தைப் படிக்கவே கூடாது. ஸ்ட்ரெய்ன் மெஷின்கள் பலவற்றில் நீலம் என்றால் இறுக்கம். ஷியர் வேவ் படத்தில் வழக்கமாக சிவப்பு என்றால் இறுக்கம். ஒரு இடத்தில் பழகிவிட்டு வேறு மெஷினில் உட்காருபவர்கள் முதல் வாரத்தில் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். பட்டையின் எந்த முனை இறுக்கம் என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அந்தப் பட்டை, சேமிக்கும் படத்திலும் தெரிய வேண்டும்.

3. கையில் இருக்க வேண்டியவை

மார்பகத்துக்கு ஏற்ற அதிக அதிர்வெண் லீனியர் ப்ரோப், தாராளமாக ஜெல், முதுகுக்குக் கீழே வைக்க ஒரு தலையணை, பழைய மேமோகிராமும் ஸ்கேனும். பயாப்சி ஏற்கெனவே ஆகிவிட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். ஊசி போட்ட இடத்தில் ரத்தக்கட்டும் வீக்கமும் இருந்தால் இறுக்கத்தின் அளவு மாறிவிடும். எலாஸ்டோகிராஃபி பயாப்சிக்கு முன்பே முடிய வேண்டும்.

4. படுக்க வைப்பது

கட்டி இருக்கும் பக்கத்துக் கை தலைக்கு மேல். கட்டி வெளிப்பக்கம் இருந்தால் அந்தப் பக்க முதுகின் கீழ் தலையணை வைத்து உடலை லேசாக எதிர்ப்பக்கம் சாய்த்துவிடுங்கள். மார்பகம் நெஞ்சுக்கூட்டின் மேல் மெல்லிசாகப் பரவ வேண்டும். கட்டிக்கு மேலே திசு குறையக் குறைய அலையும் அசைவும் நன்றாகப் போய்ச் சேரும். ஆழத்தில் கிடக்கும் கட்டியில் எந்த வகையும் தடுமாறும். படுக்கும் விதத்தை மாற்றினாலே பல கட்டிகள் ஒரு சென்டிமீட்டர் மேலே வந்துவிடும்.

என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "அம்மா, கையைத் தலைக்கு மேல வெச்சுக்கோங்க. வலிக்காது. பேசாம, சாதாரணமா மூச்சு விடுங்க. நான் சொல்றப்போ மட்டும் அப்படியே கொஞ்சம் நிறுத்திக்கோங்க." இவ்வளவு போதும். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆழமாக இழுத்தால் நெஞ்சுக்கூடு எழும்பி ப்ரோபில் முட்டும்; நீங்கள் அழுத்தாமலே அழுத்தம் ஏறிவிடும்.

5. அழுத்தம்: பாதி வேலை இதுதான்

புதியவர்களின் தவறான படங்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. பி-மோடில் நன்றாக அழுத்திப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். அப்போதுதான் நிழல் விலகும், படம் தெளியும். எலாஸ்டோகிராஃபியில் அதே பழக்கம் எதிரியாகிவிடுகிறது.

கொழுப்புத் திசுவை அழுத்தினால் அதுவும் இறுகும். ஸ்பாஞ்சைக் கையில் பொத்திப் பிழிந்தபின் மேலும் நசுக்க முடியாதது போல. இதன் விளைவு இரண்டு வகைகளிலும் எதிரெதிராக இருக்கிறது. ஷியர் வேவில் அழுத்தினால் எண் உயரும், புற்றல்லாத சாதாரணக் கட்டியான ஃபைப்ரோஅடினோமாகூட புற்று போலத் தெரியும். ஸ்ட்ரெய்னில் சுற்றியுள்ள கொழுப்பும் இறுகிவிடுவதால் வித்தியாசம் குறையும், புற்றுக்கட்டி சாதாரணமாகத் தெரியும். ஒரே தவறு ஒரு மெஷினில் தேவையில்லாத பயாப்சிக்கும், இன்னொன்றில் தவறவிட்ட புற்றுக்கும் கொண்டுபோகிறது.

அழுத்தத்தை அளக்கவும் வழி இருக்கிறது. படத்தின் அடியில் ஒரு விலா எலும்பையோ, மார்பகத்தைத் தாங்கும் இழையான கூப்பர் லிகமென்டையோ அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரோபை மெல்ல மெல்லத் தூக்குங்கள். தோலோடு தொடர்பு அறுந்துபோகும் தருணத்துக்குச் சற்று முன் நிறுத்துங்கள். அப்போது விலா எலும்பு எத்தனை மி.மீ. ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் அழுத்தம் இல்லாத ஆழம். அது 30 மி.மீ. என்று வையுங்கள். நீங்கள் வழக்கம்போலப் பிடித்ததும் 27 மி.மீ.க்கு வந்தால் 10 சதவீதம் நசுக்கியிருக்கிறீர்கள். 22 மி.மீ. என்றால் கால் பங்குக்கும் மேல். ஷியர் வேவுக்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கால் பங்கைத் தாண்டினால் எந்த வகையானாலும் படத்தை நம்ப முடியாது. 40 சதவீதத்துக்கு மேல் வருவது வெறும் இரைச்சல்.

கையில் இதைக் கொண்டுவர மூன்று பழக்கங்கள் உதவும். ஜெல்லைக் கெட்டியாகப் போட்டு, படத்தின் உச்சியில் தோலுக்கும் ப்ரோபுக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடாக ஜெல் தெரியும்படி பிடியுங்கள். கோடு மறைந்தால் அழுத்துகிறீர்கள். ப்ரோபைக் கீழ் முனைக்குப் பக்கத்தில் பேனா போலப் பிடித்து, சுண்டுவிரலையும் மணிக்கட்டையும் அவர் உடல் மேல் ஊன்றுங்கள். கை அந்தரத்தில் தொங்கினால் அதன் பாரம் முழுக்கக் கட்டியின் மேல் இறங்கும். ப்ரோபின் வயரைத் தோளிலோ கட்டில் ஓரத்திலோ போட்டுவிடுங்கள். வயரின் எடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் மெல்லிய மார்பகத்தில் அந்த எடை மட்டுமே எண்ணை மாற்றப் போதும்.

கட்டி தோலுக்கு அடுத்தாற்போல், ஓரிரு மி.மீ. ஆழத்திலேயே இருந்தால் ஜெல் பேடோ மலை போல் குவித்த ஜெல்லோ வேண்டும். அது இல்லாமல் எடுத்தால் கட்டிக்கு மேலே சிவப்புப் பட்டை ஒன்று விழும். அது ப்ரோப் அழுத்தியதால் வந்தது, கட்டியுடையதல்ல.

6. ஸ்ட்ரெய்ன் படம் எடுக்கும் முறை

பெட்டியை அகலமாக வையுங்கள்: மேலே தோலடிக் கொழுப்பு, கீழே நெஞ்சின் பெக்டோரல் தசை, இரு பக்கமும் கட்டிக்கு வெளியே குறைந்தது 5 மி.மீ. திசு. ஒப்பிட்டுச் சொல்லும் முறை என்பதால், ஒப்பிட ஆள் வேண்டும். பெட்டி முழுக்கக் கட்டியே இருந்தால் மெஷினுக்கு எது நெகிழ்வு, எது இறுக்கம் என்று தெரியாது. விலா எலும்பையும் நுரையீரலையும் பெட்டிக்குள் விடாதீர்கள்.

பிறகு அசைவு. சில மெஷின்களில் கையால் 1 மி.மீ. அளவுக்கு மேலும் கீழும் மிக லேசாக அசைக்க வேண்டும்; சிலவற்றில் கையை அசைக்காமல் வைத்தால் மூச்சும் இதயத் துடிப்புமே போதும். உங்கள் மெஷின் எந்த ரகம் என்பதைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள். துடிப்பை வைத்தே வேலை செய்யும் மெஷினில் கையால் குத்தினால் படம் சிதறும். அசைவு நேராக மேல்-கீழ் இருக்க வேண்டும். பக்கவாட்டில் வழுக்கினால் கட்டி பி-மோடின் தளத்தை விட்டு விலகிவிடும். அப்போது மெஷின் ஒப்பிடுவது ஒரே திசுவின் இரண்டு நிலைகளை அல்ல, இரண்டு வேறு திசுக்களை.

ஓர் அழகான படம் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். சில விநாடி வீடியோவாகச் சேமித்து, தரக் குறியீடு நன்றாக இருக்கும் ஃப்ரேம்களில் குறைந்தது மூன்று ஒன்றுபோல் இருக்கின்றனவா பாருங்கள். இல்லை என்றால் மீண்டும் எடுங்கள்.

7. ஸ்ட்ரெய்ன் படத்தைப் படிப்பது

ஐந்து புள்ளி முறையில், நீலம் இறுக்கம் என்ற பட்டையில்: கட்டி முழுக்கப் பச்சை என்றால் 1. பச்சையும் நீலமும் கலந்து கிடந்தால் 2. நடுவில் நீலம், ஓரத்தில் பச்சை என்றால் 3. கட்டி முழுக்க நீலம் என்றால் 4. கட்டியைத் தாண்டிச் சுற்றுத் திசுவிலும் நீலம் பரவினால் 5. 3க்கும் 4க்கும் நடுவில் கோடு போடுகிறோம்: 4, 5 என்றால் புற்றுச் சந்தேகம்.

இரண்டாவது முறை நீள விகிதம். கட்டியின் மிக நீளமான அளவை பி-மோடில் எடுத்து, அதே கோட்டில் எலாஸ்டோகிராமிலும் அளந்து வகுக்க வேண்டும். புற்று சுற்றுத் திசுவையும் இறுக்கிவிடுவதால் எலாஸ்டோகிராமில் பெரிதாகத் தெரியும். விகிதம் 1 அல்லது அதற்கு மேல். சாதாரணக் கட்டி சிறிதாகத் தெரியும், 1க்குக் கீழ். பி-மோடில் 12 மி.மீ., எலாஸ்டோகிராமில் 16 மி.மீ. என்றால் விகிதம் 1.3. இதை வலுவான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவும் ஒரே ஃப்ரேமின் இரட்டைப் படத்திலிருந்து வர வேண்டும். பக்கத்தில் இன்னொரு ஃபைப்ரோஅடினோமா ஒட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து ஒன்றாகத் தெரிந்து விகிதத்தைப் பெருக்கிவிடும்.

கொழுப்பு-கட்டி விகிதமும் உண்டு: கொழுப்பில் ஒரு வட்டமும் கட்டியில் ஒரு வட்டமும் வைத்து, கட்டியைவிடக் கொழுப்பு எத்தனை மடங்கு அதிகம் நசுங்குகிறது என்று பார்ப்பது. கொழுப்பு வட்டத்துக்குள் கொழுப்பு மட்டும் இருக்கட்டும், சுரப்பித் திசு வேண்டாம். கட்டி இருக்கும் ஆழத்துக்குக் கிட்டத்தட்ட அதே ஆழத்தில் வையுங்கள். எல்லை எண் மெஷினுக்கு மெஷின் மாறும். ஒரு மெஷினின் எண்ணை இன்னொன்றில் பயன்படுத்தாதீர்கள்.

நீர்க்கட்டி ஸ்ட்ரெய்னில் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். சில மெஷின்களில் மேலிருந்து கீழாக நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று அடுக்கு வரும். வேறு சிலவற்றில் கறுப்பு வட்டம், நடுவில் வெள்ளைப் புள்ளி, பின்னால் இன்னொரு வெள்ளைப் புள்ளி. உள்ளே கலங்கலாக இருந்து திடக்கட்டியா நீரா என்று குழப்பும் கட்டியில் இது பெரிய உதவி. அடுக்கு ஓர் இடத்தில் உடைந்து அங்கே மட்டும் இறுக்கம் தெரிந்தால், அந்த இடத்தில் திடப்பகுதி இருக்கிறதா என்று பி-மோடில் திரும்பத் தேடுங்கள்.

8. ஷியர் வேவ் எடுக்கும் முறை

கையை அசைக்கவே கூடாது. பெட்டியில் கட்டியும் சுற்றிலும் சில மி.மீ. திசுவும் வரட்டும். அளவுப் பட்டை மார்பகத்துக்கு வழக்கமாக 180 கிலோபாஸ்கல் வரை இருக்கும். வேறு உறுப்பின் அமைப்பிலிருந்து வந்து 50ல் விட்டுவிட்டால் சாதாரணத் திசுகூடச் சிவக்கும், கண் பதறும். முதலில் பட்டையைச் சரிபாருங்கள்.

மூச்சை நிறுத்தச் சொல்லி, அசையாமல் 10 விநாடியாவது காத்திருங்கள். முதல் சில ஃப்ரேம்களில் நிறம் மினுங்கிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள கொழுப்பு ஒரே சீரான அடர் நீலமாக நின்றபின்தான் ஃப்ரீஸ். கொழுப்பே பச்சை, மஞ்சளாகத் தெரிந்தால் அழுத்துகிறீர்கள். 5ஆம் படிக்குத் திரும்புங்கள். அவசரத்தில் இரண்டாவது விநாடியே ஃப்ரீஸ் செய்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

அளவு வட்டம் 2 மி.மீ. அதைக் கட்டியின் நடுவில் வைக்கத் தோன்றும். வேண்டாம். மிக இறுகிய புள்ளி எதுவோ அங்கே வையுங்கள், அது கட்டியின் ஓரத்தில் இருந்தாலும், ஒட்டிய வெளித் திசுவில் இருந்தாலும். புற்றில் இறுக்கம் பெரும்பாலும் விளிம்பைச் சுற்றி வளையமாகத் திரளும். அங்கிருந்து அதிகபட்ச எண்ணையும் சராசரியையும் எழுதுங்கள். பெரிய சுண்ணாம்புப் படிவு, தோலடியில் விழும் சிவப்புப் பட்டை, பெக்டோரல் தசை மூன்றையும் வட்டத்துக்குள் விடாதீர்கள்.

ப்ரோபைத் தூக்கிவிட்டுப் புதிதாக வைத்து மீண்டும் எடுங்கள். பிறகு 90 டிகிரி திருப்பி எடுங்கள். ஒரு தளத்தில் 40, இன்னொன்றில் 140 என்று வந்தால் சராசரி போடக் கூடாது. எதில் அழுத்தம் இருந்தது, எதில் தரப்படம் (அளவை எவ்வளவு நம்பலாம் என்று மெஷின் காட்டும் படம்) மோசம் என்று கண்டுபிடியுங்கள். இரண்டும் சுத்தமான படங்கள் என்றால் உயர்ந்த எண்ணையே நம்புங்கள்.

9. நிறமே வராத இடம்

இது தனித் தலைப்புக்குத் தகுதியானது. கட்டிக்குள் நிறமே இல்லாமல் வெறும் கறுப்பு-வெள்ளை மட்டும் தெரிந்தால், அது நெகிழ்வு அல்ல. அலையை அளக்க முடியவில்லை என்றுதான் பொருள்.

காரணம் இரண்டாக இருக்கலாம். சுத்த நீர்க்கட்டியில் ஷியர் அலை ஓடாது. மிக இறுகிய, நிழல் விழும் புற்றிலோ அலை உள்ளே நுழைவதற்குள் தேய்ந்துபோகிறது, அல்லது மெஷினால் பின்தொடர முடியாத அளவுக்குக் குலைந்துவிடுகிறது. இன்னும் மோசமானது, இத்தகைய கட்டிக்குள் சில மெஷின்கள் பொய்யான நீலத்தைக் காட்டுவது. தரப்படம் இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். அங்கே தரம் குறைவு என்று காட்டினால் அந்த நீலத்துக்கு மதிப்பில்லை.

ஷியர் வேவ் கெயினை ஏற்றிப் பாருங்கள், ஆழம் ஊடுருவும் அமைப்புக்கு மாற்றிப் பாருங்கள், படுக்கும் விதத்தை மாற்றுங்கள். அப்படியும் நடு வெற்றிடமாகவே இருந்தால் ஓரத்தைப் படியுங்கள். நடு வெற்றிடமும் சுற்றிச் சிவப்பு வளையமும் சேர்ந்து வந்தால் அது புற்றின் தோற்றம்.

10. எண் வந்தபின்

சில மெஷின்கள் அலை வேகத்தை நொடிக்கு மீட்டரில் தரும், சில கிலோபாஸ்கலில். வேகத்தின் வர்க்கத்தை 3ஆல் பெருக்கினால் கிலோபாஸ்கல். 5.2 மீட்டர் என்றால் சுமார் 80 கிலோபாஸ்கல், 7.3 என்றால் சுமார் 160. வேகம் இரட்டித்தால் கிலோபாஸ்கல் நான்கு மடங்காகும். அதனால் எண்ணோடு அலகையும் எழுதாத ரிப்போர்ட் ஆபத்தானது.

இந்த 80ம் 160ம் சும்மா எடுத்தவை அல்ல. 939 கட்டிகளை வைத்து 2012ல் வெளியான பன்னாட்டு ஆய்வு, பை-ராட்ஸ் 3 (பெரும்பாலும் சாதாரணம்), 4ஏ (குறைந்த சந்தேகம்) என்ற இரண்டு வகைகளில்தான் ஷியர் வேவ் முடிவை மாற்ற உதவும் என்று காட்டியது. 4ஏயில் அதிகபட்ச எண் 80ஐத் தாண்டாவிட்டால் 3க்கு இறக்கி, பயாப்சிக்குப் பதில் 6 மாதத்தில் மறுபார்வை என்று யோசிக்கலாம். 3ல் 160 அல்லது அதற்கு மேல் என்றால் பயாப்சி. 80ஐ மெத்தனமான எல்லை என்று நினைப்பவர்கள் 30 கிலோபாஸ்கலை எடுத்துக்கொள்கிறார்கள். பழகும் காலத்தில் நாங்கள் பரிந்துரைப்பதும் அதைத்தான்.

சந்தேகம் கூடிய 4பி, 4சி, 5 என்றால் எலாஸ்டோகிராஃபி எண் எதுவானாலும் பயாப்சி. விளிம்பு முள்முள்ளாக, படுத்திருக்காமல் நிமிர்ந்து நிற்கும் கட்டியில் 25 கிலோபாஸ்கல் வந்தது என்று ஊசியைத் தள்ளிப்போடுவது இந்தச் சோதனையைத் தவறாகப் பயன்படுத்துவதே. மார்பகப் புற்று வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருப்பவர்களிடமும், நெருங்கிய சொந்தத்தில் இளவயதுப் புற்று இருந்தவர்களிடமும் 4ஏயைக்கூட இறக்காதீர்கள். வேகமாக வளரும் புற்றுகள் வட்டமாக, விளிம்பு தெளிவாக, எதிர்பார்ப்பதைவிட நெகிழ்வாக இருக்கக்கூடும்.

11. ஏமாற்றும் கட்டிகள்

நெகிழ்ந்து ஏமாற்றும் புற்றுகள்: சளி போன்ற பொருள் நிறைந்த மியூசினஸ் புற்று, நடுவில் அழுகிய உயர்தரப் புற்று, பால் குழாய்க்குள்ளேயே இருக்கும் டிசிஐஎஸ், லிம்ஃபோமா, மிகச் சிறிய புற்று.

இறுகி ஏமாற்றும் சாதாரணக் கட்டிகள்: சுண்ணாம்பு படிந்த அல்லது இழைமம் முற்றிய ஃபைப்ரோஅடினோமா, அடிபட்ட அல்லது ஆபரேஷன் ஆன இடத்துக் கொழுப்புச் சிதைவு, தழும்பு, சர்க்கரை நோயில் வரும் மாஸ்டோபதி, கிரானுலோமா வகை மார்பக அழற்சி. கடைசியாகச் சொன்னது பி-மோடிலும் புற்று போலவே தெரியும். எலாஸ்டோகிராஃபி அங்கே எந்தப் பக்கமும் சாய்ந்து உதவாது. ஊசிதான் சொல்ல வேண்டும்.

12. ரிப்போர்ட்டும் பயாப்சிக்குப் பின்னும்

எந்த வகை எலாஸ்டோகிராஃபி, எந்த மெஷின், எந்த நிறம் இறுக்கம், படத் தரம் நன்றா சுமாரா, எத்தனை தளத்தில் எடுத்தது, அதிகபட்ச எண் அலகோடு, விளிம்பு வளையம் உண்டா. பி-மோடின் பை-ராட்ஸ் எண் தனியாக, இறுதி எண் தனியாக, மாற்றியிருந்தால் காரணத்தோடு. ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவர் அதே மெஷினில் அதே முறையில் எடுத்தால்தான் எண்களை ஒப்பிட முடியும். நல்ல படம் கிடைக்காவிட்டால், "எலாஸ்டோகிராஃபி தகவல் தரவில்லை" என்று எழுதுங்கள். அரைகுறை எண்ணை எழுதினால் அடுத்தவர் அதை உண்மை என்று நம்பிவிடுவார்.

பயாப்சி எடுக்கும்போது எலாஸ்டோகிராம் இன்னொரு வேலைக்கும் உதவும். பெரிய, கலவையான கட்டியில் மிக இறுகிய பகுதியை ஊசிக்கு இலக்காக வையுங்கள். அழுகிய நடுப்பகுதியில் குத்தினால் செத்த திசுதான் வரும்.

பதாலஜி முடிவு வந்ததும் படங்களைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டு தளத்திலும் 170 கிலோபாஸ்கல் காட்டி, சுற்றிலும் வளையம் இருந்த கட்டிக்கு "சாதாரண மார்பகத் திசு" என்று முடிவு வந்தால், ஊசி கட்டியைத் தொடவில்லை என்ற சந்தேகம் முதலில் எழ வேண்டும். அந்தப் பெண்ணை ஆறு மாதம் கழித்து வரச் சொல்லாதீர்கள். பதாலஜிஸ்டிடம் பேசி, அந்த வாரமே மறுபடி பயாப்சிக்கு அழையுங்கள்.